பொன்னுக்கு முன்னால் வெள்ளை

அன்புள்ள அண்ணா,

மூன்று மாதமாக காத்திக் எழுத்து (இடைக்கால ஐரோப்பாவின் கையெழுத்து வகை) பழகுகிறேன். தனித்தனி எழுத்துகள் நன்றாக வருகின்றன. ஒரு வரியாக எழுதினால் எனக்கே படிக்க முடியவில்லை. முதல் எழுத்துக்குத் தங்க ரேக்கு வைத்தால் பக்கம் எடுப்பாக இருக்கும் என்று முயன்றேன். ரேக்கு நீல வண்ணத்தின் மேலெல்லாம் ஒட்டிக்கொண்டது. எங்கே தப்பு?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் அனுப்பிய பக்கத்தைப் பார்த்தேன். கோடுகள் உறுதியாக இருக்கின்றன. கோடுகளுக்கு நடுவே உள்ள வெள்ளையைத்தான் நீங்கள் கவனிக்கவில்லை.

நீங்கள் பழகும் காத்திக் வகைக்கு டெக்ஸ்சுரா என்று பெயர், லத்தீனில் நெசவு என்று பொருள். பாவு நூல்போல ஒரே சீராகக் குத்துக்கோடுகள் ஓட வேண்டும். ஒரு கோடு எவ்வளவு தடிமனோ, எழுத்தின் உள்ளே விடும் வெள்ளையும் ஏறக்குறைய அவ்வளவு. அடுத்த எழுத்துக்கு முன்னால் விடுவதும் அப்படியே. 'மினிமம்' (minimum) என்ற சொல்லை லத்தீன் எழுத்தில் எழுதிப் பாருங்கள்: பதினைந்து குத்துக்கோடுகள், அவ்வளவுதான். அன்றைக்கும் இதைப் படிக்கச் சிரமப்பட்டார்கள். லத்தீன் 'ஐ' (i) எழுத்தின் தலையில் குறி வைக்கும் வழக்கம் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் வந்தது. அதனால் படிக்கக் கடினமாக இருப்பது முழுக்க உங்கள் தப்பு இல்லை. ஆனால் உங்கள் வரியில் ஒரு இடைவெளி அகலம், அடுத்தது குறுகல். கண் தடுக்குவது அங்கேதான்.

எழுத்துக்கு நிப்பின் அகலத்தைப் போல் ஐந்து மடங்கு உயரம் வைத்துக்கொள்ளுங்கள். 3 மில்லிமீட்டர் நிப் என்றால் 15 மில்லிமீட்டர். நிப்பை 45 பாகை அளவில் சாய்த்துப் பிடியுங்கள், வரி முடியும்வரை அந்தச் சாய்வு மாறக்கூடாது.

அப்புறம் தங்கம். நீங்கள் வண்ணத்தை முதலில் பூசிவிட்டீர்கள். வண்ணத்தில் பிசின் இருக்கிறது, ரேக்கு அதிலும் ஒட்டத்தான் செய்யும். எழுத்து, பென்சில் வரைவு, ஜெஸ்ஸோ, ரேக்கு, மெருகு, அதற்குப் பிறகே வண்ணம். கடைசியில் கறுப்பு ஓரக்கோடும் மெல்லிய வெள்ளைக் கோடுகளும். ஜெஸ்ஸோ என்பது ஜிப்சம், பசை, கொஞ்சம் சர்க்கரை சேர்ந்த குழம்பு. காய்ந்தபின் அதன்மேல் வாயால் ஊதாமல், கண்ணாடியைத் துடைக்கும்போது விடுவதுபோல வெதுவெதுப்பாக மூச்சு விடுங்கள். சர்க்கரை அந்த ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், உடனே ரேக்கை வைத்து அழுத்துங்கள். மெருகேற்ற அகேட் என்ற வழவழப்பான கல் போதும். ஓவிய நுட்பங்களை நூலாக எழுதிவைத்த இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி காலத்தில் நாய்ப்பல்லையும் பயன்படுத்தினார்கள். பழைய குறிப்புகளில் ஈய வெள்ளை சேர்க்கச் சொல்லியிருக்கும். அது நஞ்சு, தயவுசெய்து வீட்டில் தொடாதீர்கள்.

எழுதுபவர் ஒருவர், அலங்கரிப்பவர் வேறொருவர் என்பதே அன்று பல பட்டறைகளில் வழக்கம். எழுதுபவர் முதல் எழுத்துக்கு இடம் விட்டு, எந்த எழுத்து வரவேண்டும் என்று பொடியாகக் குறித்துவைப்பார். 1455 வாக்கில் கூட்டன்பர்க் அச்சிட்ட பைபிளிலும் பெரிய முதல் எழுத்துகளுக்கு இடம் காலியாகவே விடப்பட்டது. வாங்கியவர்கள் கையால் போடவைத்தார்கள்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். முதல் எழுத்துக்கு இடம் விட்டுவிட்டு, இரண்டு வாரம் அந்தப் பதினைந்து கோடுகளை மட்டும் எழுதுங்கள். ஒரு பக்கம் எனக்கு அனுப்புங்கள், ஸ்கேல் வைத்து அளந்து பார்க்கிறேன்.