வாரண்டி முடியவில்லை, பேட்டரி செத்துவிட்டது, கடைக்காரர் கைவிரிக்கிறார்

கேள்வி: 14 மாதத்துக்கு முன் திண்டுக்கல்லில் ஒரு கடையில் என் டீசல் காருக்குப் புது பேட்டரி போட்டேன். 24 மாதம் இலவச மாற்று, அதன்பின் 24 மாதம் புரோ-ரேட்டா (ஓட்டிய காலத்துக்கு ஏற்ப விலையில் கழிவு) என்று வாரண்டி. போன மாதம் செல்ஃப் எடுக்கவில்லை. கடையில் கொடுத்தேன். சில நாள் வைத்திருந்துவிட்டு, "ஓவர் சார்ஜ் ஆகியிருக்கு, கோளாறு உங்க வண்டியில, வாரண்டி வராது, வேணும்னா பழசை எடுத்துக்கிட்டுத் தள்ளுபடியில புதுசு தர்றோம்" என்கிறார்கள். வாரண்டி கார்டில் சீல் இல்லை, பில்லுக்குப் பதில் எஸ்டிமேட் சீட்டுதான் இருக்கிறது. வேலை சென்னையில் என்பதால் வண்டி பாதி நாள் ஊரில் சும்மாதான் நிற்கும், டேஷ்கேம் வேறு மாட்டியிருக்கிறேன். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் அதற்கு முன்னால், பேட்டரி இப்போது எங்கே இருக்கிறது? கடையில் என்றால் நாளைக்கே போய்த் திரும்ப வாங்குங்கள். அந்தத் தள்ளுபடிக்குத் தலையாட்டி பழசை விட்டுவிட்டால் அது ஈயம் உருக்கப் போய்விடும், அப்புறம் அதில் தயாரிப்புக் குறை இருந்தது என்று எதைக் காட்டுவீர்கள்? பேட்டரி வழக்குகளில் பாதி இங்கேதான் படுத்துவிடுகிறது. வாங்கும்போது மேலே அச்சடித்திருக்கும் சீரியல் எண்ணை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் கார்டில் இருக்கும் எண்ணும் அதுவும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

அடுத்தது அந்த 'ஓவர் சார்ஜ்'. வாயால் சொன்னதற்கு மதிப்பில்லை, சோதனை சீட்டு கேளுங்கள். முறையாகச் சோதித்திருந்தால் அதில் வோல்டேஜ் இருக்கும், மேலே மூடி திறக்கிற வகை என்றால் உள்ளே இருக்கும் ஆறு செல்லின் கிராவிட்டியும் (அமிலத்தின் அடர்த்தி) தனித்தனியாக எழுதியிருக்கும். அந்த ஆறு எண்கள்தான் உங்கள் சாட்சி. ஆறும் ஒரே மாதிரி இறங்கியிருந்தால் பெரும்பாலும் பேட்டரி வெறுமனே காலியாகிக் கிடக்கிறது, சார்ஜ் ஏற்றிப் பார்க்க வேண்டும். ஐந்து செல் நன்றாக இருந்து ஒன்று மட்டும் படுத்திருந்தால் அந்த செல்லில் உள்ளே கோளாறு, அதற்கு வண்டியைக் குறை சொல்வது கஷ்டம். முழுசாக சார்ஜ் ஏற்றி ஓய்வாக வைத்த பிறகு 12.6 வோல்ட் காட்ட வேண்டியது 10.5 பக்கத்திலேயே நின்றாலும் ஒரு செல் போய்விட்டது என்றுதான் பொருள்.

கூடவே இன்னொரு வேலை. வேறொரு பேட்டரி போட்டு வண்டியை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் கருவி) சார்ஜிங்கைப் பார்த்து ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எஞ்சின் ஓடும்போது சாதாரணமாக 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்கும், அந்த அளவில் இருந்தால் ஓவர் சார்ஜ் கதை அங்கேயே முடிந்தது. 15-ஐத் தாண்டுகிறது என்றால் கடைக்காரர் சொன்னது உண்மையாக இருக்கலாம், அப்போது வழக்கை மறந்துவிட்டு ஆல்டர்னேட்டரைச் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் புது பேட்டரியும் அதே வழியில் போகும்.

எஸ்டிமேட் சீட்டுக்காகக் கவலைப்படாதீர்கள். யுபிஐ-யில் பணம் கட்டியிருந்தால் அந்தப் பதிவும் சீரியல் எண்ணும் சேர்ந்தாலே வாங்கியதை நிரூபிக்கப் போதும். பில் தராமல் விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(47)-ன்படி நியாயமற்ற வணிக முறை, அது கடைக்காரரின் தவறு, உங்களுடையது அல்ல. கார்டில் சீல் வைக்காததும் அவர் செய்யாத வேலைதான். வழக்குக்கு முன் நீங்கள் அனுப்பப்போகும் நோட்டீசில் இதைத் தனிப் பத்தியாக எழுதுங்கள், கடைக்காரர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இறங்கி வருவார்கள்.

நோட்டீசை கடைக்கு மட்டும் அனுப்பாதீர்கள், வாரண்டி கொடுத்தது கம்பெனி, அவர்களையும் சேருங்கள். 15 நாள் கெடு கொடுத்து ஸ்பீடு போஸ்டில் அனுப்பினால் போதும், வக்கீல் வேண்டும் என்று கட்டாயமில்லை (இதைச் சொல்வதில் எனக்கு வருமானம் இல்லை, சரி போகட்டும்). அதற்கு முன்பே 1915-க்கு அழைத்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதியுங்கள், சில நேரம் அதிலேயே காரியம் முடிந்துவிடும். எதுவும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ வழக்குப் போடலாம் என்று பிரிவு 34 சொல்கிறது, ஆகவே சென்னையிலும் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. மறுத்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

பிரிவு 38-ன்படி பேட்டரியை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி ஆணையத்திடம் கேட்க வழி உண்டு, ஆனால் அந்தச் செலவை முதலில் உங்களையே கட்டச் சொல்வார்கள், வழக்கும் இழுக்கும். சில ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்கு அது தேவையா என்று யோசியுங்கள், அதனால்தான் ஜாப் கார்டும் சோதனை சீட்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கேட்பதையும் அளவோடு கேளுங்கள்: மாற்று பேட்டரி அல்லது கொடுத்த பணம், வண்டியை இழுத்துவந்த செலவு, நியாயமான ஒரு நஷ்டஈடு. கட்டணம் இல்லை என்பதற்காக லட்சக்கணக்கில் கேட்டால் மனுவின் நம்பகத்தன்மைதான் போகும்.

உங்கள் பக்கத்துப் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். வண்டி நின்றபடியே இருக்கிறது, டேஷ்கேம் இருக்கிறது. அந்தக் கேமரா பார்க்கிங்கிலும் ஓடுகிற மாதிரி நேரடியாக பேட்டரியிலிருந்து இணைத்திருந்தால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும், முழுக்கக் காலியாகிக் கிடந்து கெட்டுப்போவதை எந்தக் கம்பெனியும் தயாரிப்புக் குறையாக ஏற்காது. மனுவில் அதை மறைக்காதீர்கள், குறுக்கு விசாரணையில் வெளியே வந்தால் இன்னும் மோசம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், அவர்கள் சொன்ன காரணம் ஓவர் சார்ஜ். நோட்டீஸ் போன பிறகு அதை மாற்றி டிஸ்சார்ஜ் என்றால் அந்த முரண்பாடே உங்களுக்கு ஆயுதம். அதற்காகவே மறுப்பை இப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள், எழுதித் தர மறுத்தால் "நீங்கள் சொன்னபடி ஓவர் சார்ஜ் என்பதால் வாரண்டி மறுக்கப்பட்டதாக எடுத்துக்கொள்கிறேன், சரியா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டு வையுங்கள்.

புது பேட்டரி வாங்கும்போது கார் கையேட்டில் உள்ள ஆம்பியர்-ஹவர் அளவும் டெர்மினல் பக்கமும் பொருந்த வேண்டும், சிக்னலில் எஞ்சின் தானே அணைந்து மறுபடி ஸ்டார்ட் ஆகிற வண்டி என்றால் அதற்கென உள்ள வகைதான். கடைக்காரர் சொல்லி வேறு அளவு போட்டால் அந்த மாடல் எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள், பின்னால் 'தப்பான பேட்டரி போட்டதால் வாரண்டி இல்லை' என்றால் போட்டது யார் என்று காட்டலாம். ஊருக்கு வராத வாரங்களில் வீட்டில் யாராவது அரைமணி நேரம் வண்டியை ஓட்டட்டும், அதற்கும் ஆள் இல்லை என்றால் கிளம்பும்போது நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டுப் போங்கள்.