ஏன் இந்த இருவர்?

வணக்கம்,

சில மாதங்களாக இன்றைய காதல் நாவல்களாகவே படித்துக்கொண்டிருக்கிறேன். கடைசியில் சேர்ந்துவிடுவார்கள் என்று முதல் பக்கத்திலேயே தெரிகிறது. ஆனாலும் சில ஜோடிகளுக்காக விடிய விடியக் கண்விழிக்கிறேன். சில ஜோடிகளைப் பார்த்தால் ‘சேர்ந்தால் என்ன, சேராவிட்டால் என்ன’ என்றுதான் தோன்றுகிறது. இத்தனைக்கும் இருவரும் அழகு, இருவரும் நல்லவர்கள். எங்கே பிசகுகிறது?

ம.

அன்புள்ள ம.,

முடிவு தெரிவது குறையே இல்லை. அமெரிக்கக் காதல்நாவல் எழுத்தாளர் சங்கம் இந்த வகைக்குச் சொன்ன இலக்கணத்தில் இரண்டே நிபந்தனைதான்: காதல் மையமாக இருக்க வேண்டும், முடிவு நிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். ஆக, சேர்வார்களா என்று நாம் படிப்பதில்லை. ஏன் இந்த இருவர் என்றுதான் படிக்கிறோம். அழகும் நல்ல குணமும் அதற்குப் பதில் ஆகாது. அவை உள்ள யாரையும் காதலிக்கலாமே.

நான் பார்ப்பது ஒன்றைத்தான். ஒருவர் சொன்னது மற்றவருக்குள் தங்குகிறதா? 1813இல் வந்த ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் மொத்தம் 61 அத்தியாயங்கள். 34ஆவதிலேயே நாயகன் டார்சி, நாயகி எலிசபெத்திடம் காதலைச் சொல்லி மூக்குடைபட்டுத் திரும்புகிறான். நீ கனவானைப் போல நடந்துகொள்ளவில்லை என்று எலிசபெத் கோபத்தில் ஒரு சொல்லை விடுகிறாள். எல்லாம் கனிந்த பிறகு, 58ஆம் அத்தியாயத்தில், அதே சொல்லை அவன் திருப்பிச் சொல்கிறான், அது தன்னை வதைத்தது என்கிறான். அவளுக்கோ அது அவ்வளவு ஆழமாகத் தைத்திருக்கும் என்ற எண்ணமே இல்லை. இடையில் இத்தனை நாளும் அவன் அந்தச் சொல்லோடு குடித்தனம் நடத்தியிருக்கிறான்!

இன்றைய நாவல்களில் அத்தியாயம் மாற்றி அத்தியாயம் அவள் குரல், அவன் குரல் என்று எழுதுகிறார்கள். நல்ல வசதி. வம்பும் அங்கேதான். அத்தியாயத்தின் மேலுள்ள பெயரை விரலால் மறைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். யார் பேசுவது என்று தெரியவில்லையென்றால், ஒரே ஆள் இரண்டு பெயரில் தன்னையே காதலித்துக்கொண்டிருக்கிறார். (பெரும்பாலும் அது ஆசிரியர்.)

அப்புறம், கதை முக்கால்வாசி முடிந்ததும் தவறாமல் வரும் அந்தப் பிரிவு. ஒரு ஃபோன் செய்தால் தீர்ந்துவிடும் தப்பெண்ணத்துக்காகப் பிரிந்தால் நான் புத்தகத்தை மூடிவிடுவேன். எதையும் தனியாகச் சமாளிக்கும் ஒருத்தியின் துணிச்சலில் ஒருவன் மயங்குகிறான் என்று வையுங்கள். அவளே வேலை போனதை மூன்று வாரம் அவனிடம் மறைத்தால்? எது பிடித்ததோ அதுவே இப்போது இடிக்கிறது. இந்தச் சண்டையை நம்பலாம். ஆனால் மழையில் ஓடிவந்து கட்டிக்கொண்டால் இது தீராது. அவள் தானாக வந்து ‘என்னால முடியல’ என்று சொல்ல வேண்டும். அவனும் உடனே யோசனை சொல்லக் கிளம்பாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

எதிரிகள் காதலர் ஆவது, காதலிப்பதுபோல் நடிப்பது போன்ற வார்ப்புகள் மீது எனக்குப் புகார் இல்லை. இருவரையும் ஓரிடத்தில் உட்கார வைக்க ஏதாவது வேண்டுமே.

உங்களுக்கு ஒட்டாமல்போன நாவலை எடுத்து, அவர்கள் ஒருவரையொருவர் கேட்ட கேள்விகளை எண்ணிப் பாருங்கள். அண்மையில் நானும் ஒன்றில் எண்ணினேன். முழு நாவலிலும் அவன் அவளிடம் கேட்டது நான்கு கேள்விகள். அதில் மூன்று ‘கோபமா?’