பெட்டியை மாற்றுமுன் கேபிளைப் பாருங்கள்: ஈதர்நெட் சுவிட்ச் கேள்வி-பதில்

கேள்வி: தி.நகரில் ஆடிட்டர் அலுவலகம். 11 கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். டேலி (கணக்கு மென்பொருள்) டேட்டா ஒரே கம்ப்யூட்டரில் இருக்கிறது. மற்றவர்கள் அதிலிருந்துதான் திறக்கிறார்கள். 8 போர்ட் சுவிட்ச் (கம்ப்யூட்டர்களைக் கேபிளால் இணைக்கும் பெட்டி) இரண்டை ஒன்றோடொன்று இணைத்திருக்கிறோம். காலையில் எல்லாரும் உட்கார்ந்ததும் டேலி நகரவே மாட்டேன் என்கிறது. பிராட்பேண்டை 200 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 500க்கு மாற்றலாமா, கடைக்காரர் சொல்லும் மேனேஜ்டு சுவிட்ச் (போர்ட்களைத் தனித்தனியாகப் பிரித்து அமைக்கக்கூடியது) வாங்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். டேலி டேட்டா உங்கள் அலுவலகச் சுவரைத் தாண்டுவதே இல்லை. பிராட்பேண்டுக்கு எவ்வளவு கூடக் கட்டினாலும் அது ஒரு நொடிகூட முன்னதாகத் திறக்காது.

இப்போதிருக்கும் சுவிட்ச்களைத் திருப்பி, அடியிலுள்ள லேபிளைப் படியுங்கள். '10/100' என்று மட்டும் இருந்தால் சிக்கல் அங்கேதான். 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 மெகாபைட், நடைமுறையில் 11 சொச்சம். 4 ஜிபி பேக்கப்பை நகலெடுக்க ஆறு நிமிடம் ஆகும். '10/100/1000' என்றிருக்கும் ஜிகாபிட் சுவிட்சில், டிஸ்க் ஈடுகொடுத்தால், அதே வேலை 40 நொடியில் முடியும். காலையில் பத்துப் பேரும் டேலி கம்ப்யூட்டரின் ஒற்றைக் கேபிளைத்தான் பங்குபோடுகிறார்கள். இரண்டாவது சுவிட்சில் இருப்பவர்களுக்கு, இரண்டையும் இணைக்கும் கேபிள் இன்னொரு குறுகல்.

உங்களுக்குத் தேவை மேனேஜ்டு அல்லாத 16 போர்ட் ஜிகாபிட் சுவிட்ச் ஒன்று. 11 கம்ப்யூட்டர், பிரிண்டர், ரவுட்டர் போக மூன்று போர்ட் மிச்சமிருக்கும். டேலி கம்ப்யூட்டரில் ஜிகாபிட் கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஹார்டு டிஸ்க் இருந்தால் அதை எஸ்எஸ்டியாக மாற்றுங்கள். பலர் ஒரே நேரத்தில் சிறுசிறு துண்டுகளாகப் படிக்கும் வேலையில் பழைய டிஸ்க்தான் முதலில் மூச்சுத் திணறும். வருகிறவர்களின் வைஃபையையோ கேமராக்களையோ அலுவலகக் கணினிகளிலிருந்து பிரித்து வைக்க வேண்டும் என்ற நிலை வரும்போது மேனேஜ்டு சுவிட்ச் வாங்கலாம்.

கேள்வி: வேளச்சேரி ஃபிளாட்டில் ஜிகாபிட் சுவிட்ச் வாங்கிப் போட்டேன். கம்ப்யூட்டரில் இன்னமும் 100 என்றே காட்டுகிறது. கடைக்காரர் சுவிட்ச் நன்றாக இருக்கிறது என்று திருப்பி வாங்க மறுக்கிறார். யாரை நம்புவது?

பதில்: பெரும்பாலும் கடைக்காரர் சொல்வது சரியாக இருக்கும். ஈதர்நெட் கேபிளுக்குள் எட்டுக் கம்பி, நான்கு ஜோடி. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும்: 1, 2, 3, 6 ஆம் பின்கள். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். மற்ற இரண்டு ஜோடியில் ஒரு கம்பி அறுந்தாலும், ஜாக்கில் சரியாக அமராவிட்டாலும் இணைப்பு சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். இன்டர்நெட் ஓடிக்கொண்டே இருப்பதால் யாருக்கும் தெரியாது. சில ஃபிளாட்களில் ஒரே கேபிளின் இரண்டு ஜோடியை நெட்டுக்கும் இன்னொரு ஜோடியை டெலிபோனுக்கும் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். அந்தச் சுவரில் ஜிகாபிட் வராது.

சுவர்க் கேபிளை விட்டுவிட்டு, புதிய ஒரு மீட்டர் ரெடிமேட் கேபிளால் (பேட்ச் கார்டு) லேப்டாப்பை நேரே சுவிட்சில் சொருகுங்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் ஈதர்நெட் பகுதியில் லிங்க் ஸ்பீடு 1000 என்று வந்தால் சுவிட்ச் மீது குற்றமில்லை. அப்போதும் 100 என்றால் லேப்டாப்பின் போர்ட்டே 100 தானா என்று பாருங்கள். வேறொரு கருவியில் சோதித்த பிறகு கடைக்குப் போங்கள்.

கேபிள்தான் காரணம் என்றால் இரு முனையையும் வெட்டி புது ஜாக்கை அழுத்திப் பொருத்தச் (கிரிம்ப் செய்ய) சொல்லுங்கள். வரிசை: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. சிலர் பச்சை வெள்ளைக்குப் பக்கத்திலேயே பச்சையை வைத்து, ஜோடி ஜோடியாக அடுக்கிவிடுவார்கள். இரு முனையிலும் ஒரே தவறு இருப்பதால் கேபிள் டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும். ஆனால் 3, 6 ஆம் பின்கள் ஒரே முறுக்கிய ஜோடியிலிருந்து வராததால் குறுக்கீடு கூடி, கேபிள் நீள நீள வேகம் தடுமாறும். டெஸ்டர் விளக்கை மட்டும் நம்பாமல் ஜாக்கின் கண்ணாடி வழியே நிறத்தையும் எண்ணிப் பாருங்கள்.

புதுக் கேபிள் இழுப்பதானால் சுத்தச் செம்பில் செய்த கேட்-6 (Cat 6) தரக் கேபிள் வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிளும் கேட்-6 என்ற பெயரிலேயே விற்கிறது. கம்பியைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரிந்துவிடும். அதன் மின்தடை அதிகம், சீக்கிரம் ஒடியும். கேமராவுக்கு அதன் வழியே மின்சாரம் அனுப்புவது சரியல்ல.

கேள்வி: பழைய வைஃபை ரவுட்டர் சும்மா கிடக்கிறது. அதையே சுவிட்சாகப் பயன்படுத்தலாமா? (பெசன்ட் நகர்)

பதில்: தாராளமாக. அதன் டிஎச்சிபியை (கருவிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் வசதி) நிறுத்துங்கள், முகவரியை முதன்மை ரவுட்டருடன் மோதாதபடி, 192.168.1.2 போல மாற்றுங்கள். கேபிளை லான் (LAN) போர்ட்டில்தான் சொருக வேண்டும். வான் (WAN) போர்ட்டைக் காலியாக விடுங்கள். டிஎச்சிபியை நிறுத்த மறந்தால் சில கருவிகளுக்கு நெட் வரும், சிலவற்றுக்கு வராது. பழைய ரவுட்டர் பலவற்றில் போர்ட் 100 தான், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மேடவாக்கத்தில் எங்கள் குடியிருப்பில் 8 ஐபி கேமரா போட்டோம். 8 போர்ட் பிஓஇ (நெட் கேபிள் வழியாகவே மின்சாரமும் தரும்) சுவிட்ச், 60 வாட் என்று எழுதியிருக்கிறது. பகலில் சரியாக ஓடுகிறது; இரவில் இரண்டு மூன்று கேமரா அணைந்து அணைந்து வருகிறது.

பதில்: இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரியும்போது கேமராவின் மின்தேவை ஏறும். ஒவ்வொன்றும் 9 வாட் இழுத்தால் எட்டுக்கு 72 வாட். உங்கள் சுவிட்ச் மொத்தமாகத் தருவது 60. வாங்கும்போது போர்ட் எண்ணிக்கையை மட்டும் பார்த்திருக்கிறீர்கள். பார்க்க வேண்டியது மொத்த வாட். 802.3ஏஎஃப் தரத்தில் ஒரு போர்ட் தருவது அதிகபட்சம் 15.4 வாட், கேபிள் இழப்பு போகக் கேமராவைச் சேருவது 12.95. கேமரா கையேட்டில் உள்ள உச்ச வாட்டை எட்டால் பெருக்கி, மேலே கால் பங்கு கூட்டி வாங்குங்கள். 9 வாட் கேமராவுக்கு 90 வாட் சுவிட்ச்.

கடையில் விலை குறைவாக 24 வோல்ட் பேசிவ் பிஓஇ என்று ஒன்று தருவார்கள். அது எதிர்முனையில் இருப்பது என்ன கருவி என்று கேட்காமலே மின்சாரம் அனுப்பும். பிஓஇ இல்லாத லேப்டாப்பையோ பிரிண்டரையோ தவறிச் சொருகினால் போர்ட் கருகலாம். பெட்டியில் 802.3ஏஎஃப் அல்லது ஏடி என்று அச்சிட்டிருப்பதையே வாங்குங்கள்.

செம்புக் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர். சில சுவிட்சில் 250 மீட்டர் வரை என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் வேகம் 10 எம்பிபிஎஸ்ஸாகக் குறையும். பிளாக்குக்குப் பிளாக் இழுக்கும்போது ஃபைபர் போடுங்கள்: மழைக்கால இடியில் செம்புக் கேபிள் வழியே வரும் மின்னெழுச்சி இருபக்கச் சுவிட்சையும் கொல்லும், ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தாது. சுவிட்ச் பெட்டியைத் தரைத்தளத்தில் மீட்டர் பலகையின் கீழ் வைக்க வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் வெள்ளத்தையும் பார்த்த ஊர் நம் சென்னை. முதல் மாடியிலோ படிக்கட்டின் மேல்திருப்பத்திலோ மாட்டுங்கள்.

கேள்வி: சுவிட்சில் எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் வேகவேகமாக மின்னுகிறது. வீடு முழுக்க நெட் இல்லை.

பதில்: யாரோ ஒரே கேபிளின் இரு முனையையும் சுவிட்சிலேயே சொருகியிருக்கிறார்கள், அல்லது இரண்டு சுவிட்சுக்கு நடுவே இரண்டு கேபிள் போயிருக்கிறது. தகவல் சுற்றிச் சுற்றி வந்து பெருகுகிறது. ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் விளக்குகள் அடங்குகின்றனவோ அதுதான்.

கேள்வி: ரிச்சி தெருவில் வாங்கிய சுவிட்ச் நான்கே மாதத்தில் செத்துவிட்டது. துண்டுச்சீட்டில் விலை மட்டும் இருக்கிறது. கடைக்காரர் கம்பெனியைப் பாருங்கள் என்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் அடாப்டரைச் சந்தேகியுங்கள். சுவிட்ச் சாகும் முன் அடாப்டர் சாவது வழக்கம். பழைய அடாப்டரில் உள்ள அதே வோல்ட், அதற்குக் குறையாத ஆம்பியர் உள்ள ஒன்றைப் போட்டுப் பாருங்கள். 5 வோல்ட் சுவிட்சில் 12 வோல்ட் சொருகினால் மீளாது. புது அடாப்டரில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவெண் இருக்க வேண்டும். அது 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும்.

சுவிட்சே போயிருந்தால், அடியில் இருக்கும் சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் வாரண்டிப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். சில நிறுவனங்கள் தயாரித்த தேதியை வைத்தே ஏற்றுக்கொள்ளும். மறுத்தால் கடைக்கு எழுத்தில் கேளுங்கள், யுபிஐ அல்லது கார்டு பரிவர்த்தனைப் பதிவை இணையுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய விலை 5 லட்சம் வரை மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வீட்டுக்கு வாங்கியதென்றால் தடையில்லை. வியாபாரத்துக்கு வாங்கினால், சொந்தப் பிழைப்புக்காக நீங்களே நடத்தும் கடை என்று காட்ட வேண்டியிருக்கும்.

அடுத்த முறை ஜிஎஸ்டி பில்லில் மாடல் பெயரோடு சீரியல் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். பில் இல்லாமல் கொடுத்தால் 18 சதவீதம் மிச்சம் என்பார்கள். அந்த மிச்சத்தோடு வாரண்டியும் கடையிலேயே தங்கிவிடும்.