விரலைப் பார்த்துக் கண்ணை அசைத்தால் மன அதிர்ச்சி தீருமா?

கேட்க மந்திரவாதி வேலை மாதிரிதான் இருக்கும், ஆனால் இஎம்டிஆர் (EMDR, கண்ணசைவோடு அதிர்ச்சி நினைவின் வேதனையைத் தணிக்கும் முறை) என்ற இந்தச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனமே 2013-இல் பிடிஎஸ்டிக்கு (PTSD, பேரதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மனப் பாதிப்பு) பரிந்துரைத்தது. 1987-இல் அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷாப்பிரோ பூங்காவில் நடந்தபோது, கண்கள் இடவலமாக ஓடியதும் தன்னை உறுத்திய எண்ணங்கள் தணிந்ததைக் கவனித்தார், ஆரம்பம் அதுதான்.

விபத்தில் சிக்கியவர் என்றால், லாரியின் வெளிச்சம் கண்ணில் அடித்த அந்த நொடியை மனதில் நிறுத்தச் சொல்வார்கள், கூடவே 'தப்பு என்னுடையதுதான்' என்று ஒட்டிக்கொண்ட நினைப்பையும். வேதனை 0 முதல் 10-க்குள் எவ்வளவு என்று கேட்டுவிட்டு, சிகிச்சையாளர் விரலை இடமும் வலமுமாக அசைக்க, அரை நிமிடம் போலக் கண்ணால் தொடர வேண்டும். நிறுத்தி, "இப்போ என்ன தோணுது?" என்பார். அப்புறம் மறுபடியும். அந்த எண் 0-வை நெருங்கும்வரை இதேதான்.

நினைவையும் அசைவையும் ஒரே நேரத்தில் பிடித்துவைக்க மூளையால் முடியாமல் காட்சி மங்குகிறது என்பது ஒரு விளக்கம். கண்ணசைவெல்லாம் சும்மா, பாதுகாப்பான இடத்தில் அந்த நினைவை எதிர்கொள்வதுதான் மருந்து என்பவர்களும் உண்டு, எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கிறது. எப்படியோ, யூடியூபில் ஓடும் புள்ளியைப் பார்த்துத் தனியாகச் செய்யாதீர்கள்; கிளறிய நினைவு பொங்கினால் பயிற்சி பெற்றவர் பக்கத்தில் வேண்டும்.