மாத்திரை முடிந்த பிறகு வந்த குதிகால் வலி: நோயாளியே தெரிவிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 62. சிறுநீர்த் தொற்றுக்காக சிப்ரோஃப்ளாக்சசின் 500 மி.கி. மாத்திரையைத் தினமும் இரண்டு வேளை, ஏழு நாள் சாப்பிட்டேன். ஆஸ்துமாவுக்கு பிரெட்னிசலோனும் எடுத்து வந்தேன். மாத்திரை முடிந்த ஐந்தாம் நாள் வலது குதிகாலுக்கு மேலே வலியும் வீக்கமும் வந்தன. வயதால் வருவது என்கிறார்கள். எனக்கு மருந்தின் மேல்தான் சந்தேகம். மருந்துப் பாதுகாப்பு அமைப்புக்கு நானே எழுதலாமா? என் மருத்துவருக்குச் சிக்கல் வருமா?

பதில்: முதலில் காலைக் கவனியுங்கள். உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகள் தசைநாணை, அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நாரை, பாதிக்கக்கூடும். தொடங்கிய இரண்டே நாளிலும் வரலாம், நிறுத்திச் சில மாதம் கழித்தும் வரலாம். 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். பிரெட்னிசலோன் ஒரு ஸ்டீராய்டு என்பதால் இரண்டுமே உங்களுக்குப் பொருந்துகின்றன. காலுக்கு ஓய்வு கொடுங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம். பிரெட்னிசலோனை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். லெவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் போன்றவையும் இதே வகைதான். அடுத்த முறை ஆன்டிபயாட்டிக் எழுதும்போது இதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். 'டப்' என்று அறுந்தது போல் உணர்ந்தாலோ, நுனிக்காலில் நிற்க முடியாவிட்டாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி உங்கள் கேள்வி. பல நாடுகளில் நோயாளியே நேரடியாகத் தெரிவிக்கலாம். மருத்துவரின் கையெழுத்து தேவையில்லை, நிரூபணமும் தேவையில்லை, சந்தேகம் போதும். இது யார் மீதும் கொடுக்கும் புகார் அல்ல என்பதால் உங்கள் மருத்துவர் மேல் நடவடிக்கை வராது. உங்கள் விவரங்களும் ரகசியமாக வைக்கப்படும்.

ஓர் அறிக்கை செல்லுபடியாக நான்கு விஷயம் வேண்டும்: பாதிக்கப்பட்டவர் யார், தெரிவிப்பவர் யார், எந்த மருந்து, என்ன விளைவு. ஆனால் இந்த நான்கோடு நின்றுவிடும் அறிக்கையை வைத்து அதிகம் ஆராய முடியாது. பெரும்பாலும் விடுபடுவது தேதிகள்தான். மருந்து தொடங்கிய நாள், முடித்த நாள், வலி வந்த நாள் மூன்றையும் எழுதுங்கள்; மருந்துக்கும் வலிக்கும் தொடர்பு உண்டா என்று எடைபோடுவதே அந்த இடைவெளியை வைத்துத்தான். அடுத்து விடுபடுவது கூடவே எடுத்த மருந்துகள். உங்கள் விஷயத்தில் பிரெட்னிசலோனைச் சொல்லாமல் விட்டால் முக்கியமான காரணமே மறைந்துபோகும். சத்து மாத்திரை, மூலிகை மருந்து, கடையில் கேட்டு வாங்கியவை எல்லாம் இதில் சேரும்.

மருந்தின் பொதுப்பெயரோடு கம்பெனிப் பெயரையும் பேட்ச் எண்ணையும் (ஒரே தொகுதியாகத் தயாரான மாத்திரைகளுக்கு இடும் எண்) குறிப்பிடுங்கள். தயாரிப்பில் கோளாறா, மருந்தின் இயல்பா என்று பிரித்தறிய பேட்ச் எண் உதவும். அட்டையை வெட்டி வாங்கியிருந்தால் எண் இருக்கும் பகுதி உங்களிடம் இல்லாமல் போகலாம். ரசீதில் இருக்கிறதா பாருங்கள்.

'கால் வலி' என்று மட்டும் எழுதினால் மூட்டா, தசையா, நரம்பா என்று தெரியாது. நோய்க்குப் பெயர் தேட வேண்டாம். உங்கள் வார்த்தையிலேயே 'வலது குதிகாலுக்கு மேல் வீக்கம், படி ஏற முடியவில்லை' என்று எழுதுங்கள். அன்றாட வேலை எவ்வளவு முடங்கியது என்பதை நோயாளியைவிட நன்றாக வேறு யாராலும் சொல்ல முடியாது. இதே மருந்து வகை குறித்து ஐரோப்பிய மருந்து முகமை 2018 ஜூனில் பொது விசாரணை நடத்தி, பாதிக்கப்பட்டவர்களிடமே நேரில் கேட்டது. அந்த ஆண்டின் இறுதியில் இம்மருந்துகளின் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடுகளைப் பரிந்துரைத்தது.

ஒவ்வொரு நாட்டிலும் உள்ள தேசிய மருந்துப் பாதுகாப்பு மையங்களுக்கு வரும் அறிக்கைகள் உலக சுகாதார நிறுவனத்தின் திட்டத்தின் வழியாக ஸ்வீடனின் உப்சாலாவில் பராமரிக்கப்படும் தரவுத்தளத்தில் சேர்கின்றன. ஒரு நாட்டில் ஒன்றிரண்டாகத் தெரிவது அங்கே ஒரு வரிசையாகத் தெரியவரும். அதே சமயம், 'உங்கள் வலிக்கு இந்த மருந்துதான் காரணம்' என்ற தனித்தீர்ப்போ சிகிச்சை ஆலோசனையோ அங்கிருந்து வரும் என்று காத்திருக்க வேண்டாம். அதற்கு உங்கள் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

மருத்துவரோ மருந்து நிறுவனமோ ஏற்கெனவே தெரிவித்திருந்தால் படிவத்தில் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே சம்பவம் இரண்டாக எண்ணப்படலாம். அனுப்பியதும் கிடைக்கும் பதிவு எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். வலி குறைந்தாலோ, ஸ்கேனில் ஏதேனும் தெரிந்தாலோ அதே எண்ணைச் சொல்லிக் கூடுதல் தகவலாக அனுப்பலாம்.