பழைய ரஷ்ய வெள்ளியில் உள்ள முத்திரை அசலா, போலியா?

“84 என்று பொறித்திருக்கிறது, நம்பி வாங்கலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த எண் மட்டும் போதாது. 96 சொலொத்னிக்கில் (பழைய ரஷ்ய எடை அலகு) 84 பங்கு வெள்ளி, அதாவது ஆயிரத்துக்கு 875 என்பதே அதன் பொருள். போலி செய்பவருக்கும் இது தெரியும்.

நான் முதலில் பார்ப்பது கொகோஷ்னிக் எனும் தலையணி தரித்த பெண் முகத்தை. 1899 முதல் 1908 வரை அது இடப்பக்கம் பார்க்கும். கூடவே வெள்ளியின் தரத்தைச் சோதித்த அதிகாரியின் பெயரெழுத்துகள் இருக்கும். பின்பு 1917 வரை வலப்பக்கம். பெயரெழுத்துகளுக்குப் பதில் சோதனை நடந்த ஊரைக் குறிக்கும் கிரேக்க எழுத்து, மாஸ்கோவுக்கு டெல்டா. வலப்பக்க முகத்தோடு பழைய அதிகாரியின் எழுத்துகள் இருந்தால் கடுமையாகச் சந்தேகியுங்கள். 1880 என்று ஆண்டு பொறித்த கிண்ணத்தில் அந்த முகமே இருந்தாலும் அப்படித்தான்.

அடுத்து, உருப்பெருக்கி. முத்திரை அச்சால் அடித்த குறிக்கு விளிம்பு கூர்மையாக இருக்கும். வார்ப்பில் வந்த குறி மழுங்கி, குழியில் மணல்மணலாகத் தெரியும்.