வாசகர் கேள்வி: லினக்ஸில் பேஜ்மேக்கர் இயங்குமா?

கேள்வி: எங்கள் சிறிய அச்சகத்தில் பல ஆண்டுகளாகப் பேஜ்மேக்கர் 7 என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளில், பாமினி எழுத்துருவைக் கொண்டு அழைப்பிதழ்களும் கோயில் சிறப்பு மலர்களும் கல்வெட்டுகளும் (இறந்தவர் நினைவாக வெளியிடும் நூல்கள்) தயாரித்து வருகிறோம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. எங்கள் கணினி விண்டோஸ் 11ஐ ஏற்கவில்லை. லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறினால் பழைய கோப்புகளைத் திறக்க முடியுமா? போட்டோஷாப்பும் தேவைப்படுகிறது.
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: திறக்க வாய்ப்பு அதிகம். அதற்கு உதவுவது வைன் என்னும் கட்டற்ற மென்பொருள். 1993இல் தொடங்கிய இத்திட்டம் பதினைந்து ஆண்டு உழைப்புக்குப் பின், 2008 ஜூனில்தான் தன் 1.0 பதிப்பை வெளியிட்டது. ஒரு விண்டோஸ் மென்பொருள் 'இந்தக் கோப்பைத் திற', 'இங்கே ஒரு சாளரம் வரை' என்று விடுக்கும் அழைப்புகளை வைன் வாங்கி, லினக்ஸுக்குப் புரியும் அழைப்புகளாக மாற்றிக் கொடுக்கிறது. விண்டோஸை உள்ளே நிறுவாததால் அதற்கான உரிமமும் தேவையில்லை. பேஜ்மேக்கர் 7 வெளிவந்தது 2001இல். அந்தக் காலத்து மென்பொருள்கள் இணையக் கணக்கையோ புதிய வரைகலை வசதிகளையோ நம்பியிராததால், வைனில் பெரும்பாலும் தொல்லையின்றி இயங்குகின்றன.

உங்களுக்குச் சிக்கல் வரக்கூடிய இடம் எழுத்துரு. பாமினியில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி ஆகிய விசைகளை வரிசையாகத் தட்டினால் திரையில் 'தமிழ்' என்று தெரியும். ஆனால் கோப்பில் பதிவாவது அந்த ஆங்கிலக் குறிகள்தாம். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பக்கம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று அஞ்ச வேண்டாம். உங்கள் முகப்பு அடைவில் (ஹோம் ஃபோல்டர்) மறைந்திருக்கும் '.வைன்' (.wine) அடைவுக்குள் சி டிரைவும், அதனுள் விண்டோஸ் அடைவும், அதில் எழுத்துருக்களுக்கான அடைவும் இருக்கும். பழைய கணினியில் உள்ள எல்லாத் தமிழ் எழுத்துருக்களையும் அங்கே நகலெடுத்துவிட்டு மென்பொருளை மீண்டும் திறந்தால் தமிழ் திரும்பிவிடும். பாமினிக்குத் தனியான தட்டச்சு மென்பொருள் தேவையில்லை என்பது உங்களுக்கு வாய்ப்பாக அமைந்துள்ளது. விசைப்பலகையை இடைமறித்து இயங்கும் பழைய தமிழ் மென்பொருள்களும், யுஎஸ்பி பூட்டுச் சாவி (செருகினால்தான் மென்பொருள் இயங்கும் சிறு கருவி) கேட்பவையும் வைனில் பெரும்பாலும் தடுமாறும்.

ஓர் எச்சரிக்கை. வைன் தன் இசட் டிரைவின் வழியாக உங்கள் லினக்ஸ் கோப்புகளையும் காட்டுவதால், அதில் இயங்கும் விண்டோஸ் வைரஸ் அவற்றையும் அழிக்க முடியும். ஆகவே, வைனை ஒருபோதும் நிர்வாகி உரிமையுடன் இயக்காதீர்கள்.

போட்டோஷாப்பின் இன்றைய சந்தாப் பதிப்புகளை வைனில் நம்பித் தொழில் நடத்த முடியாது. அச்சுக்கான நான்கு வண்ண முறையிலேயே வேலை செய்ய வேண்டும் என்றால், லினக்ஸிலேயே இயங்கும் கிருதா என்னும் ஓவிய மென்பொருளைப் பழகுங்கள்.

புதிய வேலைகளுக்கும் பேஜ்மேக்கரிலேயே தங்கிவிட வேண்டாம் என்று வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். 2024இல் வெளிவந்த ஸ்கிரைபஸ் 1.6 என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருள் ஒருங்குறித் (யூனிகோடு) தமிழைச் சரியாகக் கோக்கிறது. உங்கள் கல்வெட்டுகளில் எத்தனையோ குடும்பங்களின் பெயர்களும் ஊர்களும் தலைமுறை விவரங்களும் இருக்கும். அவை பாமினியில் இருக்கும் வரை, ஒரு பெயரைத் தமிழில் தட்டித் தேடினால் எந்தக் கணினியாலும் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு பழைய கோப்பையும் திறக்கும்போதே அதன் உரையை ஒருங்குறிக்கு மாற்றி, மெய்ப்புப் பார்த்து, தனியாகச் சேமித்து வையுங்கள். அந்த வேலை முடியும் வரை பழைய கணினியை இணையத்திலிருந்து துண்டித்து, அப்படியே வைத்திருங்கள்.